பழைய எம்ஜிபி எஞ்சினைப் பிரித்துக் கட்டும்போது காசை எங்கே போடுவது?

“கிளாசிக் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றின் எஞ்சினைப் பிரித்துக் கட்டப் போகிறேன். அப்படியே கொஞ்சம் பவரும் ஏற்றலாமா? எந்த மாற்றம் உருப்படியானது?” என்று கேட்டிருக்கிறீர்கள். நான் இங்கிலாந்தில் இருக்கிறேன். 1967-ஆம் ஆண்டு எம்ஜிபி ஜிடி ஒன்று வைத்திருக்கிறேன். அதன் எஞ்சினை என் கராஜிலேயே பிரித்தேன், மெஷின் வேலையை மட்டும் வெளியே கொடுத்தேன், மறுபடி நானே கட்டினேன். அந்த ஒரு எஞ்சினை வைத்துத்தான் பதில் சொல்கிறேன். பவர் தாராளமாக ஏற்றலாம். ஆனால் காசின் பெரும்பகுதி ஹெட்டுக்கும் (சிலிண்டர்களை மேலே மூடும், வால்வ்கள் உள்ள பகுதி) மெஷின் வேலைக்கும் போகட்டும். கேம் ஷாஃப்ட் (வால்வ்களைத் திறந்து மூடும் தண்டு) பட்டியலைப் பார்த்து ஆசைப்படுவதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

எம்ஜிபி 1962 முதல் 1980 வரை ஆபிங்டன் தொழிற்சாலையில் தயாரான கார். உள்ளே இருப்பது பிஎம்சியின் (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) பி-சீரிஸ் எஞ்சின், 1,798 சிசி, நாலு சிலிண்டர். நம்மூர் அம்பாசடரில் பல காலம் ஓடிய 1,489 சிசி பெட்ரோல் எஞ்சினும் இதே குடும்பம்தான். அந்த எஞ்சினைப் பிரித்த மெக்கானிக் யாராவது உங்கள் வீட்டில் இருந்தால், எம்ஜிபி எஞ்சினைப் பார்த்ததும் பாதிக்கு மேல் அடையாளம் தெரிந்துவிடும். போர் (சிலிண்டரின் விட்டம்) 80.26 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 88.9. ஸ்ட்ரோக் நீளம் என்பதால் இது கீழ் வேகத்திலேயே இழுக்கும் எஞ்சின். கம்பெனி சொன்ன கணக்கு 5,400 ஆர்பிஎம்மில் சுமார் 95 குதிரைத்திறன். ஆனால் உச்ச டார்க் (முறுக்குவிசை) 3,000 ஆர்பிஎம் பக்கத்திலேயே வந்துவிடுகிறது. இந்தக் குணத்தைக் கெடுக்காமல் பவர் ஏற்றுவதுதான் என் நோக்கமாக இருந்தது.

முதலில் ஹெட்டைப் புரிந்துகொள்ளுங்கள், மற்ற முடிவுகள் எல்லாம் அங்கிருந்துதான் வருகின்றன. நாலு சிலிண்டருக்கு உள்ளே காற்று போகும் போர்ட் இரண்டே இரண்டு. ஒன்றாவதும் இரண்டாவதும் ஒரு போர்ட்டைப் பகிர்ந்துகொள்கின்றன, மூன்றாவதும் நான்காவதும் இன்னொன்றை. வெளியே புகை போக மூன்று போர்ட், அதில் நடுவில் உள்ளது இரண்டு சிலிண்டருக்குப் பொது. ஃபயரிங் ஆர்டர் (சிலிண்டர்கள் பற்றும் வரிசை) 1-3-4-2. அதாவது மூன்றாவது சிலிண்டர் உறிஞ்சி முடிக்கும் நேரத்திலேயே, அதே போர்ட்டிலிருந்து நான்காவது உறிஞ்ச ஆரம்பிக்கிறது. அப்புறம் அந்த போர்ட் வெகுநேரம் சும்மா கிடக்கிறது. மறுபக்கத்தில் இரண்டாவதற்கும் ஒன்றாவதற்கும் இதே கதை. வால்வ் அதிக நேரம் திறந்திருக்கும் ரேஸ் கேம் போட்டால் இந்த இழுபறி மோசமாகும்; ஒரு சிலிண்டருக்குச் சேர வேண்டிய கலவையைப் பக்கத்துச் சிலிண்டர் இழுத்துக்கொள்ளும். மேல் வேகத்தில் கொஞ்சம் கிடைக்கும், ஆனால் ஐட்லிங் தடுமாறும், ஊருக்குள் இழுவையே இருக்காது. தெருவில் ஓட்டும் பி-சீரிஸுக்குப் பெரிய கேம் வேண்டாம் என்று நான் அடித்துச் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

என் எஞ்சினில் முந்தைய சொந்தக்காரர் காலத்தில் யாரோ அப்படி ஒரு கேம் போட்டிருந்தார்கள், அதுவும் பழைய டாப்பெட்களையே (கேமின் மேல் உட்கார்ந்து வால்வை இயக்கும் உருளைகள்) வைத்து. பிரித்துப் பார்த்தபோது டாப்பெட்களின் அடிப்பகுதி முழுக்கக் குழி குழியாக இருந்தது, இரண்டு கேம் லோப்கள் (மேடுகள்) மழுங்கிப் போயிருந்தன. உதிர்ந்த இரும்புத் துகள் எல்லாம் ஆயிலோடு சுற்றி வந்து பேரிங்குகளைக் கீறியிருந்தது. புது கேம் என்றால் புது டாப்பெட் கட்டாயம். இதில் மிச்சம் பிடிக்கவே கூடாது.

பிரித்ததும் அளவெடுக்க வேண்டும். ஒவ்வொரு சிலிண்டரையும் மேலே, நடுவில், கீழே என்று இரண்டு திசைகளிலும் போர் கேஜ் வைத்துப் பார்த்தேன். ரிங் போய்த் திரும்பும் மேல்பகுதியில்தான் தேய்மானம் அதிகம் இருக்கும், எனக்கும் அப்படித்தான். 0.020 அங்குலம் பெரிய பிஸ்டனுக்குப் போர் போட்டாலே சுத்தமாகிவிடும் என்று தெரிந்தது. பலர் இந்த இடத்தில் 0.060 வரை போய் 1,868 சிசி ஆக்கச் சொல்வார்கள். 1,950 சிசி வரை போகிறவர்களும் உண்டு, அதற்குச் சிலிண்டர் சுவரின் கனத்தை முன்கூட்டியே சோதித்தாக வேண்டும். நான் 0.020-லேயே நின்றுவிட்டேன். கணக்குப்படி அது சுமார் 1,822 சிசி. பெரிய போரினால் கிடைக்கும் லாபம் சில சதவீதம்தான். அடுத்த ஓவர்ஹாலுக்கு பிளாக்கில் இரும்பு மிச்சம் இருப்பது எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது. இந்த பிளாக்குகளை இனி யாரும் பழைய எண்ணிக்கையில் வார்க்கப் போவதில்லை.

பிளாக்கை மெஷின் ஷாப்புக்கு அனுப்பும்போது ஒன்றைக் கட்டாயம் சொல்லுங்கள்: ஆயில் கேலரியின் (பிளாக்குக்குள் ஆயில் ஓடும் துவாரங்கள்) பித்தளை பிளக்குகளைக் கழற்றி, உள்ளே பிரஷ் விட்டுக் கழுவ வேண்டும். வெளியே எவ்வளவு பளபளவென்று வந்தாலும் அந்தத் துவாரங்களுக்குள் ஐம்பது வருடக் கசடு அப்படியே இருக்கும். போர் போட்ட தூளும் அங்கேதான் போய் ஒளியும். முதல் ஸ்டார்ட்டில் அது நேராகப் புது பேரிங்குக்கு வரும். வீட்டுக்கு வந்தபிறகும் சோப்புத் தண்ணீரில் நானே மறுபடி தேய்த்துக் கழுவினேன். வெள்ளைத் துணியில் துடைத்தால் கறை படியாத வரை விடவில்லை.

கிராங்க் ஷாஃப்ட்டை 0.010 அங்குலம் அரைத்து, ஃப்ளைவீல், கிளட்ச் கவர், முன் புல்லி எல்லாம் சேர்த்து பேலன்ஸ் செய்யக் கொடுத்தேன். குதிரைத்திறன் கணக்கில் இதற்கு ஒன்றுமே வராது. ஆனால் 4,000 ஆர்பிஎம்முக்கு மேல் ஸ்டியரிங்கில் தெரிந்த நடுக்கம் போய்விட்டது. நெடுந்தூரம் ஓட்டுபவருக்கு இதைவிடப் பயனுள்ள செலவு இல்லை என்பேன்.

சரி, ஹெட்டுக்கு வருவோம். இதய வடிவ எரியறை ஹாரி வெஸ்லேக்கின் வடிவமைப்பு. அந்த ஹெட்டுகளில் இரண்டாவது, மூன்றாவது சிலிண்டர்களின் எக்ஸாஸ்ட் வால்வ் சீட்டுகளுக்கு நடுவே விரிசல் வருவது உண்டு, ஆகவே முதலில் விரிசல் சோதனை. அது தேறினால் எக்ஸாஸ்ட் பக்கம் கடினமான வால்வ் சீட் பதிக்க வேண்டும். பிரிட்டனில் ஈயம் கலந்த பெட்ரோலின் பொது விற்பனை 1999 முடிவோடு நின்றுவிட்டது, பழைய இரும்பு சீட்டுகள் இன்றைய பெட்ரோலில் தேய்ந்து உள்ளே இறங்கிவிடும். அதன்பின் போர்ட் வேலை. போர்ட்டைக் குடைந்து அகலமாக்குவதைவிட, வால்வ் சீட்டுக்குக் கீழே உள்ள தொண்டைப் பகுதியின் மேடுகளைச் சீராக்கி, சீட்டை மூன்று கோணத்தில் வெட்டுவதில்தான் பெரும் பலன் இருக்கிறது. எரியறையில் இரண்டு வால்வுக்கும் நடுவே மூக்கு போல நீட்டிக்கொண்டிருக்கும் முனையின் கூர்மையையும் மழுக்க வேண்டும். அந்தக் கூர் சூடேறித்தான் எஞ்சின் தட்ட ஆரம்பிக்கும்.

கம்ப்ரஷன் விகிதத்தை 8.8-லிருந்து 9.5-க்கு ஏற்றினேன். இதைக் குத்துமதிப்பாகச் செய்ய முடியாது. ஒரு சிலிண்டருக்கு 455.5 சிசி என்றால், பிஸ்டன் உச்சியில் இருக்கும்போது மிஞ்ச வேண்டிய இடம் 53.6 சிசி. எரியறை, கேஸ்கெட்டின் கனம், பிஸ்டன் தலையின் குழிவு, பிஸ்டன் உச்சிக்கும் பிளாக்கின் மேல்தளத்துக்கும் உள்ள இடைவெளி, நாலும் சேர்ந்து அந்தக் கணக்கு வர வேண்டும். பியூரெட்டால் ஒவ்வொரு எரியறையையும் அளந்து, நாலையும் சமமாக்கிய பிறகுதான் ஹெட்டை எவ்வளவு சீவுவது என்று மெஷின் ஷாப்பில் சொன்னேன்.

கேமுக்குப் பைப்பர் கம்பெனியின் 270 வகை, மிதமானது. கார்புரேட்டர் பழைய எஸ்யூ ஹெச்எஸ்4 ஜோடியேதான். த்ராட்டில் ஸ்பிண்டில் மட்டும் புதிது, நீடில் (பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் ஊசி) பிறகு மாற்றினேன். வெபர் கார்புரேட்டர் போட்டால் சத்தம் நன்றாக இருக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இரண்டு போர்ட் ஹெட்டுக்கு எஸ்யூக்களே போதும். வார்ப்பிரும்பு எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டையும் மாற்ற வேண்டாம், கம்பெனியே அதை அருமையாகச் செய்திருக்கிறது.

நிறையப் பவர்தான் வேண்டும் என்றால் வேறு வழி இருக்கிறது. 1973 முதல் 1976 வரை கம்பெனியே ரோவரின் 3,528 சிசி வி-8 எஞ்சினைப் போட்டு 2,591 எம்ஜிபி ஜிடிகளை விற்றது. அந்த வழியில் இன்றும் மாற்றுகிறார்கள். ஆனால் அது வேறு கார், வேறு கேள்வி.

கட்டும்போது அவசரம் வேண்டாம். ஒவ்வொரு பேரிங்கையும் பிளாஸ்டிகேஜ் (நசுங்கும் அகலத்தால் இடைவெளியைக் காட்டும் இழை) வைத்துச் சரிபார்த்தேன். ஒவ்வொரு ரிங்கையும் அதன் சிலிண்டருக்குள் வைத்து வாய் இடைவெளியை அளந்தேன். கேம் டைமிங்கை செயின் சக்கரத்தின் குறியை மட்டும் நம்பி வைக்காமல், டிகிரி தட்டும் டயல் கேஜும் வைத்துப் பார்த்தேன். நாலு டிகிரி பின்தங்கியிருந்தது, ஆஃப்செட் கீ (சக்கரத்தைச் சற்றுத் திருப்பி வைக்கும் ஆப்பு) போட்டு நேராக்கினேன். அந்த நாலு டிகிரி அப்படியே இருந்திருந்தால் கீழ் வேக இழுவை மங்கியிருக்கும், காரணமும் யாருக்கும் பிடிபட்டிருக்காது.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஆயில் பிரஷர் முள் ஏறும்வரை ஸ்டார்ட்டரில் சுற்றினேன். பற்றியதும் ஐட்லிங்கில் விடவே கூடாது. 2,000 முதல் 2,500 ஆர்பிஎம்மில் இருபது நிமிடம் ஓட்ட வேண்டும், அப்போதுதான் கேமும் டாப்பெட்டும் ஒன்றுக்கொன்று பதமாகும். ஆயில் 20டபிள்யூ-50, துத்தநாகச் சேர்க்கை உள்ள கிளாசிக் வகை.

பின்னர் ரோலிங் ரோட்டில் (சக்கரத்தின் பவரை அளக்கும் உருளை மேடை) வைத்து டைமிங்கும் நீடிலும் சரிசெய்தபோது சக்கரத்தில் 85 குதிரைத்திறன் காட்டியது. டிரான்ஸ்மிஷனில் போகும் இழப்பைச் சேர்த்தால் புது எஞ்சினைவிட நன்றாகவே மேலே. ஆனால் எனக்கு அந்த எண்ணைவிடப் பெரிய சந்தோஷம், நாலாவது கியரிலேயே 1,500 ஆர்பிஎம்மிலிருந்து முணுமுணுப்பின்றி ஏறுவது.

சில நூறு மைல் ஓடியதும் ஆயிலும் ஃபில்டரும் மாற்றுங்கள். எஞ்சின் ஆறியபின் ஹெட் நட்டுகளைக் கையேட்டின் வரிசைப்படி மறுபடி டார்க் வைத்து இறுக்குங்கள். அதன்பிறகு வால்வ் இடைவெளியைத் திரும்பப் பார்க்க வேண்டும், நட்டு இறுகினால் அதுவும் மாறியிருக்கும். உங்களுடையது எந்தக் கார், எந்த வருடம் என்று பின்னூட்டத்தில் எழுதினால், அந்த ஹெட்டுக்கு எது பொருந்தும் என்று எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன்.