முறுக்குவிசை குறைந்தால் முன்னேற்றமா? – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஹைப்ரிட் வாகன மோட்டார்களைப் பற்றிய தங்கள் கட்டுரையை வாசித்தேன். டொயோட்டா பிரியஸின் இரண்டாம் தலைமுறை மோட்டார் 50 கிலோவாட் திறனும் 400 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையும் (தண்டைத் திருப்பும் வலு) உடையது. மூன்றாம் தலைமுறையில் திறன் 60 கிலோவாட்டாக ஏறியிருக்க, முறுக்குவிசை 207 ஆக இறங்கிவிட்டது. இதை எப்படி முன்னேற்றம் என்கிறீர்கள்? மின்னழுத்தத்தை ஒரு மின்சுற்றைக் கொண்டு 650 வோல்ட்டுக்கு உயர்த்தியதற்குப் பதில் பேட்டரியிலேயே அதைக் கொடுத்திருக்கலாமே?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

நீங்கள் ஒப்பிட்டிருப்பவை மோட்டாரின் தண்டில் அளந்த எண்கள். மூன்றாம் தலைமுறையில் அந்தத் தண்டுக்கு அடுத்து வேகத்தைக் குறைத்து முறுக்குவிசையைக் கூட்டும், 2.636 விகிதமுள்ள குறைப்புப் பற்சக்கரத் தொகுதி ஒன்று வந்து சேர்ந்தது. 207ஐ அதனால் பெருக்கிப் பாருங்கள், ஏறத்தாழ 545 வரும். முந்தைய மோட்டார் அதே இடத்தில் நேரடியாகத் தந்தது 400தான்.

ஒரு மோட்டாரின் பருமனைத் தீர்மானிப்பது அதன் திறன் அன்று, முறுக்குவிசையே. இரும்பு ஓர் அளவுக்கு மேல் காந்தப்புலத்தைத் தாங்காது, செம்புக் கம்பி ஓர் அளவுக்கு மேல் சூட்டைத் தாங்காது. இவ்விரண்டு எல்லைகளையும் தொட்ட பிறகு கூடுதல் முறுக்குவிசை வேண்டுமென்றால் மோட்டாரைப் பெரிதாக்குவதைத் தவிர வழியில்லை. ஆனால் திறன் என்பது முறுக்குவிசையையும் வேகத்தையும் பெருக்கி வருவது. ஆகவே உச்சவேகத்தை நிமிடத்துக்கு 6,000 சுற்றுகளிலிருந்து 13,500க்குக் கொண்டுசென்று, மோட்டாரைச் சிறிதாக்கி, இழந்த முறுக்குவிசையைப் பற்சக்கரத்தில் மீட்டுக்கொண்டார்கள்.

வேகத்துக்கும் விலை உண்டு. சுழலியின் தகடுகளில் V வடிவில் துளையிட்டு, அவற்றுள் காந்தங்களைச் செருகியிருப்பார்கள். அந்தக் காந்தங்கள் வெளியே பிய்த்துக்கொண்டு போகாமல் பிடித்திருப்பது, துளைக்கும் தகட்டின் விளிம்புக்கும் இடையே எஞ்சியிருக்கும் மெல்லிய எஃகு இணைப்பு. அதைத் தடிப்பாக்கினால் காந்தப்புலம், சுழலியைச் சுற்றி அசையாமல் நிற்கும் சுருள் பகுதியான ஸ்டேட்டருக்குப் போகாமல் அதன் வழியாகவே கசிந்து வீணாகும். மெலிதாக்கினால் உச்சவேகத்தில் அறுந்துவிடும். மோட்டார் வடிவமைப்பில் மிக நுட்பமான இடம் இதுதான் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. மின்பொறியாளரும் இயந்திரப் பொறியாளரும் மில்லிமீட்டரின் பின்னங்களுக்காக வாதாடும் இடம் அது.

மின்னழுத்தத்துக்கு வருகிறேன். சுழலும் காந்தம் ஸ்டேட்டர் சுருளில் எதிர்மின்னழுத்தத்தை உண்டாக்கும்; வேகம் ஏற ஏற அதுவும் ஏறும். பேட்டரியின் நேர்மின்னோட்டத்தை மாறுமின்னோட்டமாக்கி மோட்டாருக்குத் தரும் இன்வெர்ட்டரின் மின்னழுத்தம் அதற்கு ஈடுகொடுக்காவிட்டால், காந்தப்புலத்தைத் தளர்த்துவதற்கென்றே தனியாக மின்னோட்டம் செலுத்த வேண்டியிருக்கும். அந்த மின்னோட்டம் சுருளைச் சூடாக்கும், முறுக்குவிசைக்கு அதன் பங்கு குறைவு.

அந்த பிரியஸின் பேட்டரியில் 1.2 வோல்ட் நிக்கல் கலங்கள் 168 தொடராக இணைந்து 201.6 வோல்ட் தருகின்றன. நீங்கள் சொல்வதுபோல் 650 வோல்ட்டையும் பேட்டரியிலேயே பெறுவதானால் 540க்கு மேற்பட்ட கலங்கள் வேண்டும். தொடரில் ஒரு கலம் நலிந்தாலும் முழு வரிசையும் அதனால் கட்டுப்படும் என்பதை நினைத்தால், மின்னழுத்தத்தை உயர்த்தும் சுற்று ஒன்றைச் சுமப்பதே மேல். பேட்டரியால் செய்ய முடியாத இன்னொன்றையும் அந்தச் சுற்று செய்கிறது: மெதுவாகச் செல்லும்போது மின்னழுத்தத்தைத் தாழ்வாகவே வைத்து, இன்வெர்ட்டரின் டிரான்சிஸ்டர்கள் திறந்து மூடும்போது ஏற்படும் இழப்பைக் குறைத்து, வேகமும் சுமையும் கூடும்போது மட்டுமே 650ஐ நோக்கி உயர்த்துகிறது.