பிசிஓஎஸ் இருந்தால் ஸ்லீவா, பைபாஸா?

கேள்வி: எனக்கு வயது 29. உயரம் 158 செ.மீ., எடை 98 கிலோ. பள்ளிப் பருவத்திலிருந்தே பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை). மாதவிலக்கு மூன்று, நான்கு மாதங்களுக்கு ஒருமுறைதான் வரும். இப்போது ஐந்து மாதமாக வரவே இல்லை. திருமணமாகி நான்கு ஆண்டுகள் ஆகின்றன, குழந்தை இல்லை. எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சர்க்கரை) 6.1. உணவுக் கட்டுப்பாடு, நடை, மெட்ஃபார்மின் என்று முயன்று குறைத்த எடை திரும்ப ஏறிவிட்டது. எடைக் குறைப்பு அறுவைக்கு ஒரு மருத்துவமனையில் ஸ்லீவ் என்கிறார்கள், இன்னொன்றில் மினி பைபாஸ் என்கிறார்கள். சில நாள் இரவில் நெஞ்சு எரிச்சல் உண்டு. பிசிஓஎஸ்ஸுக்கு எது நல்லது? வீட்டில் சீக்கிரம் குழந்தை வேண்டும் என்று அவசரப்படுத்துகிறார்கள்.
— ஒரு வாசகி, திருச்சி

பதில்: பிசிஓஎஸ்ஸை மட்டும் பார்த்தால், இரைப்பையைக் குழலாகச் சுருக்கும் ஸ்லீவும் பலன் தரும், குடலையும் மாற்றி இணைக்கும் பைபாஸும் பலன் தரும். மாதவிலக்கு சீராவதிலோ ஆண் ஹார்மோன் குறைவதிலோ ஒன்று மற்றதைவிட மேல் என்று சொல்லத் தெளிவான சான்று இல்லை. உங்கள் தேர்வைத் தீர்மானிக்க வேண்டியவை உணவுக்குழாயின் நிலை, சர்க்கரை, குழந்தைக்கான திட்டம் ஆகிய மூன்றும்தான்.

உங்கள் பிஎம்ஐ (உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு) 39. 2022-ல் வந்த சர்வதேச வழிகாட்டுதல்படி 35-ஐத் தாண்டினாலே, வேறு நோய் இல்லாவிட்டாலும், அறுவையைப் பரிந்துரைக்கலாம், ஆசியர்களுக்கு 27.5-லிருந்தே பரிசீலிக்கலாம். எனவே தகுதி பற்றிச் சந்தேகம் வேண்டாம். பிசிஓஎஸ்ஸில் இன்சுலின் அதிகம் சுரப்பதால் சினைப்பை ஆண் ஹார்மோனைக் கூடுதலாகத் தயாரிக்கிறது, முட்டை முதிர்ந்து வெளிவருவது தடைப்படுகிறது. எடை இறங்கினால் இன்சுலின் இறங்கும், முட்டை வெளிவரத் தொடங்கும். பிரிட்டனில் பிசிஓஎஸ் உள்ள 80 பெண்களை இரு பிரிவாக்கி நடத்திய ஆய்வு 2024-ல் லான்செட் இதழில் வந்தது. ஓராண்டில் ஸ்லீவ் செய்தவர்களுக்கு இடைநிலை அளவாக 6 முறை முட்டை வெளிவந்தது. மருந்தும் வாழ்க்கைமுறை மாற்றமும் பெற்றவர்களுக்கு 2 முறை.

ஸ்லீவில் இரைப்பையின் வெளிவளைவு பக்கமாக முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிடுவார்கள். மிஞ்சுவது 100 முதல் 150 மில்லி கொள்ளும் ஒரு குழல். பசியைத் தூண்டும் கிரெலின் பெரும்பாலும் சுரக்கும் மேற்பகுதியும் போய்விடுவதால் பசி வெகுவாகக் குறையும். குடலில் கை வைப்பதில்லை என்பதால் சத்து உறிஞ்சல் அதிகம் கெடாது. கர்ப்பத்துக்குத் திட்டமிடும் பெண்ணுக்கு இது பெரிய அனுகூலம். ஆனால் வெட்டி எடுத்ததைத் திரும்ப வைக்க முடியாது. குழல் குறுகலாக இருப்பதால் உள்ளே அழுத்தம் கூடி, அமிலம் மேலே எதுக்களிக்கும். முன்பு நெஞ்சு எரிச்சலே இல்லாதவர்களுக்கும் இது புதிதாக வரலாம். ஏற்கெனவே இருப்பவர்களுக்கு மோசமாகலாம். இதனாலேயே சில ஆண்டுகள் கழித்து ஸ்லீவைப் பைபாஸாக மாற்ற வேண்டிவரும் நோயாளிகள் உண்டு.

ஆகவே "சில நாள் இரவில்" என்று நீங்கள் போகிறபோக்கில் எழுதிய அந்த எரிச்சல்தான் உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது. எந்த அறுவைக்கும் சம்மதிக்கும் முன் எண்டோஸ்கோபி செய்துகொள்ளுங்கள். உணவுக்குழாயின் கீழ்முனையில் புண் இருக்கிறதா, இரைப்பையின் மேல்பகுதி உதரவிதானத்துக்கு மேலே ஏறியிருக்கிறதா, எச்.பைலோரி கிருமி இருக்கிறதா என்ற மூன்றுக்கும் பதில் எழுத்தில் வேண்டும். கிருமி இருந்தால் முதலில் அதற்கு மருந்து. புண்ணோ பெரிய ஏற்றமோ இல்லையென்றால் உங்களுக்கு ஸ்லீவ் பொருந்தும் என்பது என் கருத்து. இருந்தால் ஸ்லீவ் வேண்டாம்; ரூ-என்-ஒய் பைபாஸ் கேளுங்கள்.

அந்தப் பைபாஸில் இரைப்பையின் மேலே சுமார் 30 மில்லி கொள்ளும் சிறு பை அமைத்து, அதில் சிறுகுடலை இணைத்துவிடுவார்கள். அமிலம் மேலேறுவது குறையும், சர்க்கரைக் கட்டுப்பாடும் எடைக் குறைப்பும் சற்று அதிகம். ஓராண்டில் மொத்த எடையில் ஸ்லீவுக்கு ஏறக்குறைய 25 சதவீதமும் பைபாஸுக்கு 30 சதவீதமும் குறைவதை எதிர்பார்க்கலாம். பதிலுக்கு, இனிப்பு சாப்பிட்டால் படபடப்பும் வியர்வையும் தரும் டம்பிங் வரலாம், குடல் இணைப்பில் புண் வரலாம் (தலைவலிக்குப் போடும் புரூஃபென், டைக்குளோஃபினாக் வகை மாத்திரைகளை அதன்பின் தொடக்கூடாது), இரும்பு, பி12, கால்சியம் குறைபாடு கூடும். இன்னொன்று: இணைப்புகளுக்கு இடையே உள்ள இடைவெளியில் குடல் நுழைந்து சிக்கிக்கொள்ளும் அபாயம். கர்ப்பத்தில் கருப்பை மேலெழும்போது இது கூடுதலாக நேரலாம். பைபாஸ் செய்த கர்ப்பிணிக்கு மேல்வயிற்றில் கடும் வலி வந்தால் வாயுத் தொல்லை என்று விட்டுவிடாமல் அன்றே எடைக் குறைப்பு அறுவை தெரிந்த மருத்துவரிடம் போக வேண்டும்.

இரைப்பையை நீண்ட பையாக்கி, ஒரே இணைப்பில் சிறுகுடலோடு சேர்க்கும் மினி பைபாஸ் நம் நாட்டில் நிறையச் செய்யப்படுகிறது, எடையும் நன்றாகக் குறைகிறது. ஆனால் அதில் பெரும்பாலும் 150 முதல் 200 செ.மீ. குடல் ஒதுக்கப்படுவதால் சத்துக் குறைபாடு கூடும். பித்தநீர் இரைப்பைப் பைக்குள் ஏறிவரவும் இடமுண்டு. நெஞ்சு எரிச்சலும் குழந்தை ஆசையும் உள்ள உங்களுக்கு இதை முதல் தேர்வாக நான் சொல்லமாட்டேன். எச்பிஏ1சி 9-ஐத் தாண்டி, பல ஆண்டு சர்க்கரை நோய் இருந்திருந்தால் கணக்கு வேறு. 6.1 என்பது சர்க்கரை நோயின் முன்நிலை, ஸ்லீவே போதும்.

இனி, வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து படிக்க வேண்டிய பகுதி. அறுவைக்குப் பின் 12 முதல் 18 மாதங்களுக்குக் கர்ப்பம் கூடாது. எடை வேகமாக இறங்கும் காலத்தில் கருவுக்குச் சத்து போதாது; எடை குறைவான குழந்தை பிறக்கலாம். நான்கு ஆண்டுகள் கருத்தரிக்காத பெண்ணுக்குக் கருத்தடை எதற்கு என்று தோன்றும். ஆனால் சில மாதங்களிலேயே முட்டை வெளிவரத் தொடங்கிவிடலாம், அதுவும் முதல் மாதவிலக்கு வருவதற்கு முன்பே. கருத்தடை மாத்திரையை நம்ப வேண்டாம்: பைபாஸில் உறிஞ்சல் உறுதியில்லை, ஸ்லீவிலும் முதல் மாதங்களில் வாந்தி வரலாம். கருப்பைக்குள் வைக்கும் காப்பர்-டியோ ஹார்மோன் காயிலோ நல்லது. அறுவைக்கான அதே மயக்கத்திலேயே பொருத்திக்கொள்ளலாம். இப்போது ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தால், ரத்தக்கட்டு அபாயம் கருதி எத்தனை வாரம் முன்பு நிறுத்த வேண்டும் என்று கேளுங்கள். பொதுவாக நான்கு வாரம். முகமுடிக்கு ஸ்பைரோனோலாக்டோன் எடுத்தால், கருத்தரிக்க முயலும் முன் அதையும் நிறுத்த வேண்டும். ஒன்றரை ஆண்டு காத்திருந்தாலும் உங்களுக்கு வயது 31-ஐ ஒட்டித்தான் இருக்கும். காலம் வீணாகவில்லை.

சத்துக்கு: ஒரு நாளைக்குக் குறைந்தது 60 கிராம் புரதம். ஒரு முட்டையில் 6 கிராம், 100 மில்லி பாலில் 3 கிராம் சொச்சம்தான் என்பதால், முதல் மாதங்களில் கஞ்சியும் ரசமும் இளநீரும் மட்டும் போதவே போதாது. புரதப் பொடி தேவைப்படும். மாதவிலக்கு உள்ள பெண்ணுக்கு இரும்பு தினமும் 45 முதல் 60 மி.கி., கால்சியம் 1200 முதல் 1500 மி.கி. இரண்டையும் ஒன்றாக விழுங்கினால் இரும்பு ஏறாது, இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். டீ, காபியோடும் இரும்பு வேண்டாம். ஸ்லீவானாலும் பி12, வைட்டமின் டி, மல்டிவைட்டமின் வாழ்நாள் முழுதும் உண்டு. வாந்தி சில நாட்கள் விடாமல் நீடித்தால் வைட்டமின் பி1 தீர்ந்து நரம்பும் மூளையும் பாதிக்கப்படலாம். அப்போது அருகிலுள்ள மருத்துவமனையில் குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன் பி1 ஊசி போட வேண்டும். அறுவை செய்த விவரத்தை நீங்களே முந்திக்கொண்டு சொல்லுங்கள்.

கர்ப்பத்துக்குச் சில மாதம் முன்பே ஃபோலிக் அமிலம் தொடங்க வேண்டும். பிஎம்ஐ 30-க்கு மேலேயே நின்றிருந்தால் 5 மி.கி. அளவு. நம் ஊரில் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்துச் சர்க்கரை பார்ப்பார்கள். பைபாஸ் செய்தவர் அதைக் குடித்தால் டம்பிங் வந்து மயங்கலாம். அதற்குப் பதில் ஒரு வாரம் வீட்டிலேயே குளுக்கோமீட்டரில் பார்த்துக்கொள்ளலாம்.

மூன்றாம் மாதத்திலிருந்து தலைமுடி கொட்டும், பெரும்பாலும் ஓராண்டுக்குள் திரும்ப வளரும். முகத்தில் ஏற்கெனவே தடித்து வளர்ந்த முடி எடை குறைந்ததும் உதிராது, அதற்கு லேசர் தனி.

காப்பீட்டை நம்பியிருந்தால் விதிகளை இப்போதே படியுங்கள். இந்தியப் பாலிசிகளின் பொது விதி பிஎம்ஐ 40, அல்லது 35-க்கு மேல் இருந்து இதய நோய், தீவிரத் தூக்க மூச்சுத்திணறல், கட்டுப்படாத சர்க்கரை போன்றவை இருந்தால் என்கிறது. அந்தப் பட்டியலில் பிசிஓஎஸ் இல்லை. குறட்டை இருந்தால் தூக்கப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். மயக்க மருத்துவருக்கும் அது தேவை.

அறுவை எதுவானாலும், இல்லாமலே போனாலும், ஒரு காரியத்தைத் தள்ளிப்போடாதீர்கள். ஐந்து மாதமாக மாதவிலக்கு இல்லை என்றால் கருப்பையின் உட்சவ்வு உதிராமல் தடித்துக்கொண்டிருக்கலாம். பல ஆண்டு இப்படி விட்டால் புற்றுநோய் வரை போகக்கூடும். இந்த வாரமே மகப்பேறு மருத்துவரிடம் சென்று, கர்ப்பம் இல்லை என்று உறுதி செய்து, ஸ்கேனில் உட்சவ்வின் தடிமன் பாருங்கள். தேவைப்பட்டால் சிறு திசு எடுத்துச் சோதிப்பார்கள், அல்லது புரோஜெஸ்ட்ரோன் மாத்திரை கொடுத்து மாதவிலக்கை வரவைப்பார்கள். ஹார்மோன் காயில் பொருத்தினால் கருத்தடையோடு இந்தச் சவ்வுக்கும் அதுவே பாதுகாப்பு.