உயர்திறன் கணினி கட்ட இன்டெலா, ஏஎம்டியா?

வீடியோ எடிட்டிங்தான் முதல் வேலை, ஓய்வு நேரத்தில் விளையாட்டு, அவ்வப்போது பெரிய மென்பொருள் ஒன்றைக் கம்பைல் செய்ய (நிரல் வரிகளைக் கணினி இயக்கும் வடிவுக்கு மாற்ற) வேண்டும், கட்டினால் ஐந்தாறு ஆண்டாவது உழைக்க வேண்டும், செலவைப் பற்றிக் கவலையில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். கணினியின் மூளையான செயலியைச் செய்யும் இரண்டு நிறுவனங்களை வைத்து, நண்பர்கள் இன்டெல் கட்சி, ஏஎம்டி கட்சி என்று பிரிந்து சண்டை போடுகிறார்கள், யார் பேச்சைக் கேட்பது என்பது உங்கள் கேள்வி.

நண்பர்களை முதலில் உட்காரச் சொல்லுங்கள். நானும் ஒரு காலத்தில் அப்படி ஒரு கட்சியில் கொடி பிடித்தவன்தான். இருபது ஆண்டுகளாக எனக்கும் தெரிந்தவர்களுக்கும் கணினி கட்டிக்கொண்டிருக்கிறேன். செயலி விஷயத்தில் விசுவாசம் வைத்தவர்கள் எல்லாரும் ஏதாவது ஒரு கட்டத்தில் ஏமாந்ததைத்தான் பார்த்திருக்கிறேன். 2003இல் அத்லான் 64 என்ற செயலி வந்தபோது ஏஎம்டி முன்னால் நின்றது. இன்று இரண்டு நிறுவனங்களின் செயலிகளும் பேசும் 64 பிட் கட்டளை மொழியே ஏஎம்டி வகுத்ததுதான். இன்டெல் பிறகு அதையே ஏற்றுக்கொண்டது. 2006இல் இன்டெலின் கோர் 2 டுயோ வந்ததும் எல்லாம் தலைகீழானது. 2011இல் ஏஎம்டி கொண்டுவந்த புல்டோசர் எடுபடவில்லை. எதிரே போட்டிக்கு ஆளில்லாததால் இன்டெல், சாதாரண மேசைக் கணினிகளுக்கு நான்கு கோர் (செயலிக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதி) போதும் என்று ஆண்டுக்கணக்கில் காலை நீட்டிப் படுத்திருந்தது. 2017இல் ஏஎம்டியின் ரைசன் எட்டு கோர்களோடு வந்து அதை எழுப்பிவிட்டது. 2021 இறுதியில் இன்டெலின் 12ஆம் தலைமுறை மறுபடி பந்தயத்தைச் சமன் செய்தது. இதில் எந்தக் கட்சியில் நிலையாக இருந்திருந்தாலும் பாதிக் காலம் தவறான செயலியைத்தான் வாங்கியிருப்பீர்கள்.

ஆகவே, பெட்டியின் மேல் இருக்கும் பெயரை விட்டுவிட்டு, நீங்கள் இப்போது வைத்திருக்கும் கணினியில் எதற்காகக் காத்திருக்கிறீர்கள் என்று ஒரு வாரம் கவனியுங்கள். இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன்.

சில ஆண்டுகளுக்கு முன் வீடியோ வேலைக்கென்றே ஒரு கணினி கட்டினேன். கோர்களின் எண்ணிக்கையைப் பார்த்து மயங்கி, அப்போது கிடைத்ததில் பெரிய செயலியாக வாங்கினேன். புதிய கேமராவில் எடுத்த காட்சிகளை டைம்லைனில் போட்டு இயக்கினால் படம் திக்கித் திக்கி ஓடியது. விண்டோஸின் டாஸ்க் மேனேஜரைத் திறந்து ஒவ்வொரு த்ரெட்டையும் (கோர் ஓட்டும் வேலை வரிசை) தனித்தனிக் கட்டமாகக் காட்டச் சொன்னேன். சன்னல் முழுக்கச் சின்னச் சின்னக் கட்டங்கள். இரண்டு மூன்றில் கோடு உச்சியைத் தொட்டு நடுங்கிக்கொண்டிருந்தது, மற்றவற்றில் குளத்துத் தண்ணீர் போல அசையாமல் கிடந்தது. நான் பணம் கொடுத்து வாங்கிய கோர்களில் பெரும்பாலானவை கைகட்டி வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தன.

காரணம் கேமரா. அது 10 பிட், 4:2:2 என்ற செறிவான வண்ண முறையில், எச்.265 என்ற சுருக்க முறைக் கோப்புகளாகப் பதிவு செய்கிறது. சுருக்கிய அந்த வகையைப் பிரிப்பதற்கென்று, அதாவது விரித்துப் படமாக்குவதற்கென்று, தனி மின்சுற்று என் செயலியிலும் இல்லை, அப்போதிருந்த கிராபிக்ஸ் கார்டிலும் இல்லை. எல்லாவற்றையும் மென்பொருளே கோர்களின் தலையில் கட்டிப் பிரிக்க வேண்டியிருந்தது. செயலியைக் குறை சொல்ல வழியில்லை. வாங்கும் முன் பார்க்காதது என் பிழை.

உங்கள் முதல் வேலை வீடியோ என்பதால் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். இன்டெலின் மேசைக் கணினிச் செயலிகளில் 11ஆம் தலைமுறையிலிருந்தே, உள்ளிணைந்த கிராபிக்ஸில் இருக்கும் குயிக் சிங்க் என்ற பகுதி இந்த 4:2:2 கோப்புகளை அநாயாசமாகப் பிரித்துவிடும். வீடியோ எடிட்டர்கள் பலர் இன்டெலை விடாமல் பிடித்துக்கொண்டிருந்ததற்கு இதுவே பெரிய காரணம், நியாயமான காரணமும்கூட. ஆனால் பெயரின் கடைசியில் எஃப் என்ற எழுத்து இருந்தால் அந்த உள்ளிணைந்த கிராபிக்ஸே கிடையாது. 'கே' வகைக்கும் 'கேஎஃப்' வகைக்கும் விலையில் இருக்கும் சிறு வித்தியாசத்தை மிச்சம் பிடிக்கப் போய், வாங்க வந்த காரணத்தையே கடையில் விட்டுவிட்டு வந்தவர்கள் இருக்கிறார்கள்.

அடுத்து ஒரு திருப்பம். 2025இல் வந்த என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 50 வரிசை கார்டுகள் இந்த 4:2:2 கோப்புகளைத் தாங்களே பிரிக்கும். உயர்திறன் கணினி என்கிறீர்கள், எப்படியும் புதிய கார்டுதான் வாங்கப் போகிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். அப்படியென்றால் இன்டெல் பக்கம் இருந்த மிகப் பெரிய துருப்புச்சீட்டு உங்களைப் பொறுத்தவரை பெரும்பாலும் செல்லாமல் போய்விட்டது. உங்கள் நண்பர்களின் சண்டையில் இந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை என்று நினைக்கிறேன்.

விளையாட்டு என்று வந்தால் இன்றைய தேதியில் எனக்குத் தயக்கமே இல்லை: ஏஎம்டியின் எக்ஸ்3டி வகைதான். 2024 நவம்பரில் வந்த ரைசன் 7 9800எக்ஸ்3டியில் எட்டே கோர்கள்; ஆனால் மூன்றாம் நிலை கேஷ், அதாவது செயலியிலேயே இருக்கும் வேக நினைவகம், 96 மெகாபைட். விளையாட்டு ஒவ்வொரு ஃபிரேமுக்கும் சிதறிக் கிடக்கும் தரவுகளைத் தேடிக்கொண்டே இருக்கும். பக்கத்து அலமாரியில் இருந்தால் கையை நீட்டி எடுத்துக்கொள்ளலாம். ராமில் இருந்தால் பக்கத்துத் தெருவுக்குப் போய்வர வேண்டும். அந்தக் கூடுதல் கேஷ்தான் அலமாரி. முந்தைய தலைமுறைகளில் அதைக் கோர்களுக்கு மேல் ஒட்டியிருந்தார்கள். அது கம்பளி போர்த்தியது போல வெப்பத்தைத் தடுத்தது. 9000 வரிசையில் கோர்களுக்கு அடியில் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள், அதனால் வெப்பம் நேராகக் கூலருக்கு ஏறுகிறது, கடிகார வேகமும் கூடியது.

இதற்காகப் பதறவும் வேண்டாம். 4கே திரையில் எல்லா அமைப்புகளையும் உச்சத்தில் வைத்து ஆடுபவர் என்றால் மூச்சு வாங்குவது கிராபிக்ஸ் கார்டுதான். இரண்டு நிறுவனங்களின் நல்ல செயலிகளுக்கிடையே வித்தியாசத்தைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. விமர்சனக் காணொளிகளில் பிக்சல் குறைந்த 1080பி திரையில் சோதித்துக் காட்டும் பட்டைகளைப் பார்த்துத்தான் இந்தச் சண்டைகளில் முக்கால்வாசி நடக்கின்றன. செயலியை மட்டும் தனியாகச் சோதிக்க அதுதான் சரியான முறை. உங்கள் மேசையில் நடப்பது வேறு.

கம்பைல் செய்வது, ரெண்டரிங் போன்ற வேலைகள்தான் எல்லாக் கோர்களையும் உண்மையிலேயே வேலை வாங்கும். இங்கே எண்ணிக்கையை அப்படியே ஒப்பிட்டு ஏமாறாதீர்கள். இன்டெலின் கோர் அல்ட்ரா 9 285கேயில் 24 கோர்கள் என்றால், அதில் எட்டு பெரியவை, பதினாறு சிறியவை. அந்தத் தலைமுறையில், ஒரு கோரில் இரண்டு த்ரெட் ஓட்டும் ஹைப்பர்த்ரெடிங்கை எடுத்துவிட்டதால் 24 த்ரெட்டோடு சரி. ரைசன் 9 9950எக்ஸில் 16 கோர்கள், எல்லாம் ஒரே சாதி, 32 த்ரெட். வேலை முடியும் நேரத்தில் இரண்டும் அக்கம்பக்கத்தில்தான் நிற்கும். ஒரு மென்பொருளில் இது முந்தும், இன்னொன்றில் அது. ஒரே அடியில் நிறைய எண்களைக் கையாளும் ஏவிஎக்ஸ்-512 கட்டளைகளைப் பயன்படுத்தும் கணக்குகள் உங்களிடம் இருந்தால் மட்டும் ஏஎம்டி தெளிவாக மேல். இந்த இன்டெல் செயலிகளில் அது கிடையாது.

நம்பகத்தன்மை பற்றி உங்கள் நண்பர் ஒருவர் பயமுறுத்தியதாக எழுதியிருந்தீர்கள். அவர் சொல்வது கற்பனையல்ல. இன்டெலின் 13, 14ஆம் தலைமுறை உயர்வகைச் செயலிகள் தேவைக்கு மேல் மின்னழுத்தம் கேட்டு வாங்கி நாளடைவில் நிலைகுலைவதை 2024இல் அந்த நிறுவனமே ஒப்புக்கொண்டு, திருத்தம் வெளியிட்டு, உத்தரவாதத்தையும் இரண்டு ஆண்டு நீட்டித்தது. திருத்தம் புதிய சேதத்தைத் தடுக்குமே தவிர, ஏற்கெனவே பழுதானதைச் சரிசெய்யாது. ஆகவே அந்தத் தலைமுறைகளைப் பழையதாக வாங்காதீர்கள். கோர் அல்ட்ரா வரிசைக்கு இந்தச் சிக்கல் இல்லை. ஏஎம்டி பக்கமும் 2023இல் 7000எக்ஸ்3டி செயலிகள் சில சாக்கெட்டிலேயே (மதர்போர்டில் செயலி உட்காரும் இடம்) கருகின. பிறகு பயாஸ் (போர்டின் அடிப்படை மென்பொருள்) மூலம் குறிப்பிட்ட ஒரு மின்னழுத்தத்துக்கு 1.3 வோல்ட் வரம்பு போட்டார்கள். இரண்டு வீட்டிலும் அடுப்பு எரிந்திருக்கிறது.

மின்சாரத்துக்கும் வெப்பத்துக்கும் ஒரே வார்த்தை: குறையுங்கள். இன்டெலின் ஐ9 13900கே உச்சத்தில் 253 வாட் வரை இழுத்தது. ஏஎம்டியின் இப்போதைய ஏஎம்5 சாக்கெட்டின் உச்சமும் 230 வாட். கடைசித் துளி வேகத்துக்காகத்தான் இந்தக் கொள்ளை. பயாஸில் வரம்பைக் கொஞ்சம் இறக்கினால் சத்தம் அடங்கும், வேகத்தில் இழப்பது அற்பம்.

நிறுவனத்தின் பெயர் உண்மையிலேயே கணக்கில் வருவது சாக்கெட் விஷயத்தில்தான் என்பது என் கருத்து. ஐந்தாறு ஆண்டு உழைக்க வேண்டும் என்கிறீர்கள் அல்லவா? 2017இல் ஏஎம்டியின் முந்தைய ஏஎம்4 சாக்கெட் மதர்போர்டு வாங்கியவர்களில் பலர், 2022இல் வந்த 5800எக்ஸ்3டியை அதே போர்டில் பொருத்தி இன்னொரு சுற்று ஓட்டினார்கள். ஏஎம்5 2022இல் வந்தது. 2027 வரையாவது ஆதரிப்பதாக ஏஎம்டி சொல்லியிருக்கிறது. இன்டெலின் எல்ஜிஏ 1700 சாக்கெட் மூன்று தலைமுறையோடு முடிந்தது, 2024இல் 1851 வந்துவிட்டது. பாதி வழியில் செயலியை மட்டும் மாற்றும் எண்ணம் இருந்தால் இது பெரிய விஷயம். கட்டினால் கட்டினதுதான், அடுத்து முழுசாக மாற்றுவேன் என்பவருக்கு ஒன்றுமே இல்லை.

ஆக, உங்கள் இடத்தில் நான் இருந்தால் ரைசன் 9 9950எக்ஸ்3டி வாங்குவேன். 16 கோர், கூடவே அந்தப் பெரிய கேஷ். ஒரு சிறு சங்கடம்: கோர்கள் இரண்டு சில்லுகளில் எட்டெட்டாக இருக்கின்றன, கூடுதல் கேஷ் ஒன்றுக்கு மட்டும்தான். விளையாட்டை அந்தப் பக்கம் அனுப்பும் பொறுப்பு விண்டோஸினுடையது. போர்டுக்கான சிப்செட் டிரைவரை ஒழுங்காக நிறுவி, விண்டோஸின் கேம் பாரை நீக்காமல் வைத்திருந்தால் பெரும்பாலும் சரியாகவே அனுப்புகிறது. பழைய கிராபிக்ஸ் கார்டையே தொடர்ந்து வைத்திருக்கப் போகிறீர்கள், கேமராவும் 4:2:2 வகை என்றால் என் பதில் மாறும்: 285கே. ஏஎம்டியின் பெரிய பணிநிலையச் செயலியான த்ரெட்ரிப்பர் பக்கம் போக வேண்டாம். நான்கு ராம் சேனல்களும் மூன்று நான்கு கார்டுகளும் தேவைப்படுகிறவர்களுக்கு அது.

எதை வாங்கினாலும் ராம் இரண்டே குச்சிகளாக வாங்குங்கள். இன்றைய ராம் வகையான டிடிஆர்5இல் நான்கு போட்டால் வேகம் சரிந்துவிடும். ரைசன் 9000க்கு அதிகாரப்பூர்வ வேகம் இரண்டு குச்சிக்கு 5600, நான்குக்கு 3600. வீடியோவுக்கு 96 ஜிபி வேண்டுமென்றால் 48 ஜிபி குச்சிகள் இரண்டு. போர்டின் கையேட்டையும் வாங்கும் முன்பே படித்துவிடுங்கள்: சில போர்டுகளில் இரண்டாவது வேகமான எஸ்எஸ்டியைப் போட்டவுடன் கிராபிக்ஸ் கார்டின் 16 லேன்கள் (தரவுப் பாதைகள்) எட்டாகிவிடும்.

முதல் முறை பொத்தானை அழுத்தியதும் திரை இருட்டாகவே இருந்தால் பயந்துவிடாதீர்கள். என் கடைசிக் கணினியில் காற்றாடிகள் சுழல்கின்றன, போர்டின் ஓரத்தில் ஒரு சிறு மஞ்சள் விளக்கு எரிகிறது, திரையில் ஒன்றுமே இல்லை. ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, கூலரைக் கழற்றத் திருப்புளியைக் கையில் எடுத்துவிட்டேன். முதல் திருகாணி பாதி சுற்றியிருக்கும்போது திரையில் பயாஸ் வந்து நின்றது. டிடிஆர்5 ராமைப் போர்டு பழக்கிக்கொள்ள முதல் தடவை அவ்வளவு நேரம் எடுக்கும். திருகாணியைத் திரும்ப முடுக்கிவிட்டு, அதை யாரிடமும் சொல்லாமல் இருந்தேன், இதுவரை.