பழைய வீட்டைக் கொடுத்துப் புது வீடு வாங்கும்போது பவர் எழுதித் தரலாமா?

கேள்வி: வேலூர் சைதாப்பேட்டையில், என் தந்தை 1984ஆம் ஆண்டு கிரயம் பெற்ற வீட்டில் வசிக்கிறோம். தங்கை தன் பங்கை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டதால் வீடு இப்போது எனக்கு மட்டுமே உரியது. காட்பாடி பக்கம் தனி வீடுகள் கட்டும் பில்டர் ஒருவர், இதை 46 லட்சத்துக்கு எடுத்துக்கொண்டு, 78 லட்சம் விலையுள்ள புது வீட்டை 14 மாதத்தில் முடித்துத் தருவதாகச் சொல்கிறார். மீதி 32 லட்சத்தை நான் கொடுக்க வேண்டும். பழைய வீட்டை என் சார்பில் விற்கும் அதிகாரம் தரும் பவர் பத்திரத்தை இப்போதே எழுதித் தரும்படி கேட்கிறார். எங்கள் வீடு 52 லட்சம் வரை போகும் என்று தெருவில் சொல்கிறார்கள். ஒப்புக்கொள்ளலாமா?

பதில்: வீட்டை மாற்றிக்கொள்ளும் யோசனையில் தவறில்லை. ஆனால் பவர் மட்டும் எழுதித் தராதீர்கள்.

அவர் ஏன் கிரயம் கேட்காமல் பவர் கேட்கிறார் என்று பாருங்கள். உங்கள் வீட்டைத் தம் பெயருக்குக் கிரயம் செய்தால், தமிழ்நாட்டில் 7 சதவீத முத்திரைத் தீர்வையும் 2 சதவீதப் பதிவுக் கட்டணமும் சேர்ந்து, 46 லட்சத்துக்கு 4,14,000 ரூபாய் அவர் கையிலிருந்து போகும். பவர் இருந்தால் அந்தச் செலவில்லாமல் வேறொருவருக்கு நேரடியாக விற்றுவிடலாம். பவரால் மட்டும் சொத்துரிமை மாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011ஆம் ஆண்டே தீர்ப்பளித்திருக்கிறது. என்றாலும், அந்தப் பவரை வைத்து அவர் மூன்றாம் நபருக்குக் கிரயம் செய்து கொடுத்துவிட்டால் உங்கள் வீடு போய்விடும், உங்கள் கையில் புது வீட்டைப் பற்றிய வாக்குறுதி மட்டுமே மிஞ்சும். ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி, விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்வதற்கு முன் பில்டர் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக்கூடாது. உங்கள் கணக்கில் அது 7,80,000 ரூபாய். அவர் கேட்பதோ, விலையில் பாதிக்கும் மேலான மதிப்புள்ள ஒரு வீடு.

இப்படிப் பவர் கொடுத்துவிட்டு வாடகை வீட்டுக்குப் போன ஒரு தம்பதியை எனக்குத் தெரியும். சொன்ன தேதிக்குப் பின் ஓராண்டுக்கு மேல் கடந்தும் புது வீட்டுக்குத் தளம் போடவில்லை. பழைய வீட்டிலோ வேறொரு குடும்பம் பால் காய்ச்சிக் குடியேறிவிட்டது. அதை அவர்கள் என்னிடம் சொன்ன விதம் இன்னும் மனத்தை உறுத்துகிறது.

விலையையும் பிரித்துப் பார்க்க வேண்டும். பழைய நகையைப் போட்டுப் புது நகை எடுக்கும்போது, பழையதற்கு என்ன விலை, புதியதற்கு என்ன விலை என்று தனித்தனியாகக் கேட்பதுபோல இங்கேயும் கேளுங்கள். வீட்டைக் கொடுக்காமல் முழுத் தொகையையும் பணமாகக் கொடுப்பவருக்குப் புது வீடு என்ன விலை என்று, வேறொருவரை விட்டு விசாரியுங்கள். அவருக்கு 75 லட்சம் என்றால், உங்கள் வீட்டுக்கு உண்மையில் கிடைப்பது 43 லட்சம்தான். தெருவில் சொல்லும் 52 லட்சத்தையும் அப்படியே நம்ப வேண்டாம். அருகில் அண்மையில் கைமாறிய வீடுகளின் விலையையும் அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பையும் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். நீங்களே விற்றாலும் தரகு, சில மாத வாடகை, இரண்டு முறை சாமான் ஏற்றி இறக்கும் கூலி என்று ஒன்றரை லட்சம் வரை ஆகலாம் என்பதால், அந்த அளவுக்குக் குறைத்துக் கொடுப்பது நியாயம். ஆறு லட்சம் குறைப்பது அதிகம்.

32 லட்சத்தோடு செலவு முடியாது என்பதையும் சொல்லியாக வேண்டும். புது வீட்டின் பதிவுக்கு 9 சதவீதம் என்றால் ஏறத்தாழ 7 லட்சம். கட்டுமானத்தில் இருக்கும்போதே வாங்கினால் 5 சதவீத ஜிஎஸ்டியும் சேரும். கட்டி முடித்து, நிறைவுச் சான்று பெற்றபின் முழுத் தொகையையும் கொடுத்து வாங்கினால்தான் ஜிஎஸ்டி கிடையாது.

ஆகவே நான் சொல்லும் வழி இது. 10 சதவீதத்துக்குள் முன்பணம் கொடுத்து, விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்துகொண்டு, புது வீடு முடியும்வரை சைதாப்பேட்டை வீட்டிலேயே இருங்கள். முடிந்ததும் இரண்டு சொத்துகளையும் ஒரே நாளில், ஒன்றுக்கொன்று மாற்றிக்கொள்ளும் ஒரே பரிவர்த்தனைப் பத்திரமாகப் பதிவு செய்யலாம். அதில் அதிக மதிப்புள்ள சொத்துக்கு மட்டுமே தீர்வை கணக்கிடப்படும் என்பதால், பில்டருக்கு அந்த 4,14,000 ரூபாய் பவர் இல்லாமலேயே மிச்சமாகும். இதை எடுத்துச் சொல்லி 46 லட்சத்தை உயர்த்திக் கேளுங்கள். புது மனை பில்டரின் சொந்தப் பெயரில் இருந்தால்தான் இது நடக்கும். நில உரிமையாளர் வேறொருவர் என்றால், ஒரே நாளில் இரண்டு கிரயப் பத்திரங்களாகச் செய்துகொள்ளுங்கள்.

பரிமாற்றமும் வருமான வரிச் சட்டத்தில் விற்பனைதான். பழைய வீடு கைமாறிய நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் புது வீடு வாங்கினாலோ, மூன்று ஆண்டுக்குள் கட்டினாலோ, பழைய வீட்டில் கிடைத்த லாபத்தில் அதில் போட்ட அளவுக்கு வரி இல்லை. இரண்டும் ஒரே நாளில் நடந்தால் இந்தக் கெடுவைப் பற்றிய கவலையே எழாது. பத்திரத்தில் விலையைக் குறைத்து எழுதலாம் என்று சொன்னால் மறுத்துவிடுங்கள்.

இந்த 14 மாதத்தில் நீங்கள் செய்து வைக்க வேண்டிய வேலை ஒன்றும் உண்டு. உங்கள் மூலப் பத்திரத்தில் ‘வட ஆற்காடு மாவட்டம்’ என்றுதான் இருக்கும். மாவட்டம் பிரிந்ததால் அதில் சிக்கல் ஏதும் இல்லை. ஆனால் பட்டா இன்னும் தந்தை பெயரில் இருந்தால், விடுதலைப் பத்திரத்தையும் வாரிசுச் சான்றையும் கொடுத்து இப்போதே உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். பட்டா சரியில்லை என்று காட்டிக் கடைசி நேரத்தில் விலையைக் குறைப்பது வழக்கமாக நடப்பதுதான். இந்த ஏற்பாட்டுக்கு பில்டர் இசையாவிட்டால் அவரை விட்டுவிட்டு, பழைய வீட்டை நீங்களே விற்று, கட்டி முடித்த வேறொரு வீட்டைப் பாருங்கள்.