வரைபடம்: எதால் வகுத்தீர்கள், எந்த ஆண்டின் எல்லை?

கணினியில் வரைபடம் போடுவது பற்றி இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பகுதி மென்பொருளைக் குற்றம் சாட்டுகிறது. பழி உண்மையில் அதன் மேல் நின்றது ஓரிரு கேள்விகளில்தான். கேட்டவர்களில் பெரும்பாலோர் சமூகவியல், அரசியல், சமூகப்பணி படிக்கிறவர்கள், அல்லது கற்பிக்கிறவர்கள்.

காசு கொடுத்து மென்பொருள் வாங்க வழியில்லை. க்யூஜிஐஎஸ்ஸில் போட்ட வரைபடத்தை ஆய்வேட்டில் ஏற்பார்களா? (ஆய்வு மாணவி, திருச்சி)

ஏற்பார்கள். 2002இல் தொடங்கிய கட்டற்ற வரைபட மென்பொருள் அது. அரசுத் துறைகளே பயன்படுத்துகின்றன. புத்தம்புதிய பதிப்பை விட்டுவிட்டு, நீண்டகால ஆதரவுள்ள பதிப்பை நிறுவுங்கள். ஆய்வேட்டின் நடுவில் பதிப்பை மாற்றாதீர்கள்.

சென்னையில் நடைபாதைக் கடைகளைக் கைபேசியில் பதிவு செய்தோம். அந்தப் புள்ளிகளின் லேயரை (தரவு அடுக்கை) திறந்தால் படத்தில் ஒன்றுமே இல்லை. மென்பொருள் பழுதா? (முதுகலை மாணவர், சென்னை)

ஒரு கடையின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களையாவது கடிதத்தில் எழுதியிருக்கலாம். எழுதாததால் ஊகித்துச் சொல்கிறேன்: அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் இடம் மாற்றிக் கொடுத்திருக்கிறீர்கள். எக்ஸ் என்று கேட்கும் இடத்தில் தீர்க்கரேகை (சென்னைக்கு 80.27), ஒய் என்று கேட்கும் இடத்தில் அட்சரேகை (13.08). மாற்றிப் போட்டால் உங்கள் கடைகள் எல்லாம் ஸ்வால்பார்டுக்கு வடக்கே ஆர்க்டிக் கடலில் மிதக்கும். லேயரின் மீது வலது சொடுக்கி, அந்த லேயருக்கு நகரும் கட்டளையைக் கொடுங்கள். எங்கே போய் நிற்கிறது என்று பார்த்தாலே நோய் புரிந்துவிடும். ஆப்பிரிக்காவின் மேற்கே கினி வளைகுடாவில் சில புள்ளிகள் கிடந்தால், அவை எண் நிரப்பாமல் சுழியத்தில் விட்ட வரிசைகள்.

தமிழ்நாட்டில் பட்டியலினத்தவர் பரவலைக் காட்டும் வரைபடம் இணைத்துள்ளேன். நிறத் தேர்வு சரியா? (ஆய்வு மாணவர், மதுரை)

நிறம் அழகாகத்தான் இருக்கிறது. படம் தவறு.

எண்ணிக்கையை நிறமாக்காதீர்கள். முன்பும் சொன்னேன், இனியும் சொல்வேன். 2011 கணக்கெடுப்பில் பட்டியலினத்தவர் மிக அதிகமாக இருந்த மாவட்டம் விழுப்புரம், சுமார் 10 லட்சம். அடுத்தது காஞ்சிபுரம், ஒன்பதரை லட்சம். நீலகிரியில் இரண்டரை லட்சம்கூட இல்லை. எனவே உங்கள் படத்தில் விழுப்புரம் கருஞ்சிவப்பு, நீலகிரி வெளிறிய மஞ்சள். கீழே ஒரு வரி வேறு: 'மலை மாவட்டத்தில் பட்டியலினத்தவர் அரிதாகவே வாழ்கின்றனர்.'

விழுப்புரத்தின் மொத்த மக்கள் அப்போது 35 லட்சம். நீலகிரியில் ஏழரை லட்சத்துக்கும் குறைவு. வகுத்துப் பாருங்கள்: விழுப்புரம் 29 சதவீதம், நீலகிரி 32. நீங்கள் 'அரிது' என்று எழுதிய மாவட்டம் மாநிலத்திலேயே முன்வரிசையில் இருக்கிறது. அதற்கு மேலே திருவாரூர், 34. எட்டு லட்சத்தோடு உங்கள் படத்தில் அடர்ந்து நிற்கும் சென்னையோ வெறும் 17. மக்கள் அதிகம் வாழும் மாவட்டத்தில் எல்லாமே அதிகமாகத்தான் இருக்கும்: பட்டியலினத்தவரும், பட்டதாரிகளும், மிதிவண்டிகளும். நீங்கள் வரைந்தது மக்கள்தொகை வரைபடம்; மேலே வேறு தலைப்பு.

எண்ணிக்கையைத்தான் காட்ட வேண்டுமென்றால் மாவட்டத்தின் நடுவில் அளவுக்கேற்ற வட்டம் போடுங்கள். நிரப்பும் நிறம் பங்குக்கும் வீதத்துக்கும் மட்டும்.

வகுக்கச் சொன்னேன் என்பதற்காகக் கைக்குக் கிடைத்ததால் வகுக்கிறவர்களும் இருக்கிறார்கள். சென்னையின் மக்கள் அடர்த்தி சதுர கிலோமீட்டருக்கு 11,000 என்று ஆய்வேடுகளில் பார்க்கிறேன். 2011இல் எண்ணப்பட்ட 46 லட்சத்துச் சொச்சம் பேர் வாழ்ந்தது பழைய 175 சதுர கிலோமீட்டரில். 426 சதுர கிலோமீட்டர் என்பது கணக்கெடுப்புக்குப் பிறகு விரிந்த எல்லை. பழைய மக்களைப் புதிய நிலத்தில் பரப்பிவிட்டு, சென்னையில் நெரிசல் குறைவு என்று முடிவுரை எழுதுகிறார்கள். சரியான அடர்த்தி 26,000க்கு மேல். எல்லைக் கோடுகளைத் தரும் கோப்பு, அதாவது எல்லைக் கோப்பு, எந்த ஆண்டினது என்று பார்த்திருந்தால் இது நேராது. பார்ப்பதற்கு ஒரு நிமிடம் ஆகுமா?

இன்னொன்று. 2001க்கும் 2011க்கும் பக்கத்தில் பக்கத்தில் படம் போடும்போது இரண்டுக்கும் ஒரே வகுப்பு இடைவெளி (எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை ஒரே நிறம் என்பது) கொடுங்கள். மென்பொருள் தானாகப் பிரித்தால் ஒவ்வோர் ஆண்டுக்கும் வேறு வேறு இடைவெளி வரும். ஒரே சிவப்புக்கு இரண்டு பொருள்.

வடக்கு அம்பு போடவில்லை என்று மதிப்பெண் குறைத்துவிட்டார்கள். நியாயமா? (இளங்கலை மாணவர், சேலம்)

மேலே வடக்கு இருக்கும் தமிழ்நாட்டுப் படத்துக்கு அம்பு அலங்காரம். ஆனால் நீங்கள் அனுப்பிய படத்தில் தரவின் ஆண்டும் இல்லை, எல்லையின் ஆண்டும் இல்லை. அதற்குக் குறைத்திருந்தால் நான் உங்கள் பேராசிரியர் பக்கம்.

38 மாவட்ட எல்லையோடு 2011 தரவை இணைத்தேன். பத்துக்கும் மேற்பட்ட மாவட்டங்கள் வெள்ளையாக நிற்கின்றன. ஏன்? (விரிவுரையாளர், தஞ்சாவூர்)

மீண்டும் அதே: எல்லைக் கோப்பு எந்த ஆண்டினது? 2011இல் இருந்தவை 32 மாவட்டங்கள். கள்ளக்குறிச்சி, தென்காசி, செங்கல்பட்டு, ராணிப்பேட்டை, திருப்பத்தூர், மயிலாடுதுறை ஆறும் 2019, 2020இல் வந்தவை. பிறக்காத மாவட்டத்துக்கு எண் எங்கிருந்து வரும்? அவற்றின் தாய் மாவட்டங்கள் நிறம் பெற்றிருந்தாலும் அந்த நிறத்தை நம்பாதீர்கள், நிலம் சுருங்கிவிட்டது. 2011 எல்லைக் கோப்பையே தேடி எடுங்கள். பிரிந்ததைத் தாயோடு ஒட்டிச் சமாளிக்கலாம் என்றால், சென்னையில் அது எடுபடாது: காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டப் பகுதிகள் 2018இல் சென்னையோடு சேர்ந்துவிட்டன.

மீதி வெள்ளை, எழுத்துக்கூட்டலால் வந்தது. தூத்துக்குடிக்கும் விழுப்புரத்துக்கும் ஆங்கிலத்தில் கணக்கெடுப்பு எழுதும் எழுத்து வேறு, உங்கள் எல்லைக் கோப்பில் உள்ள எழுத்து வேறு. நீலகிரிக்கு முன்னால் ஆங்கிலச் சுட்டுச்சொல் ஒன்றும் ஒட்டிக்கொண்டிருக்கும். பெயரை வைத்து இணைக்காதீர்கள்; கணக்கெடுப்புக் குறியீட்டை வைத்து இணையுங்கள். எக்செல் முன்சுழியத்தை விழுங்கும், ஆகவே குறியீட்டு நெடுவரிசையை எழுத்து வடிவில் வையுங்கள்.

பள்ளிகளைச் சுற்றி 500 மீட்டர் பஃபர் (சுற்றுவட்டம்) போட்டால் உலகமே மூடிக்கொள்கிறது. (சமூகப்பணி மாணவி, கோவை)

நீங்கள் கேட்டது 500 மீட்டர். உங்கள் லேயர் அட்சரேகை, தீர்க்கரேகைக் கணக்கில் இருப்பதால் மென்பொருளுக்குக் கொடுத்தது 500 பாகை. ஒரு பாகை சுமார் 111 கிலோமீட்டர். லேயரை முதலில் மீட்டர் கணக்கிலுள்ள யுடிஎம் ப்ரொஜெக்ஷனுக்கு (உலகை மண்டலங்களாகப் பிரித்துத் தட்டையாக்கும் முறை) மாற்றிச் சேமியுங்கள். கோவைக்கு மண்டலம் 43 வடக்கு, சென்னைக்கு 44 வடக்கு. பிரிக்கும் கோடு 78 பாகைத் தீர்க்கரேகை. திண்டுக்கல் நகரை ஒட்டிப் போகிறது, மதுரை நகரம் 44இல் விழும். கோவைக்குத் தவறிப்போய் 44 கொடுத்தாலும் 500 மீட்டருக்கு ஒரு மீட்டர்தான் பிசகும், தூக்கம் கெட வேண்டாம்.

அதைவிடப் பெரிய பிசகு: பஃபர் வானில் பறக்கும் தூரம். நடுவில் ரயில் பாதை இருந்தால் குழந்தை சுற்றித்தான் போக வேண்டும்.

எழுத்தறிவு கூடிய மாவட்டங்களில் ஒரு கட்சிக்கு வாக்கு கூடியிருக்கிறது. படித்தவர்கள் அதற்கு வாக்களித்தார்கள் என்று எழுதலாமா? (அரசியல் அறிவியல் மாணவர், புதுச்சேரி)

கூடாது. மாவட்டம் வாக்களிப்பதில்லை, ஆள் வாக்களிக்கிறார். 1950இல் ராபின்சன் என்ற சமூகவியலாளர் அமெரிக்காவின் 1930 கணக்கெடுப்பை வைத்து இதைக் காட்டிவிட்டார். மாநில அளவில் பார்த்தால் வெளிநாட்டில் பிறந்தவர்கள் அதிகமுள்ள இடத்தில் எழுத்தறிவின்மை குறைவு. ஆள் அளவில் பார்த்தால் நேர் எதிர்: வெளிநாட்டில் பிறந்தவர்களிடையே அது சற்று அதிகம். குடியேறியவர்கள் எழுத்தறிவு மிகுந்த மாநிலங்களில் போய்த் தங்கினார்கள், அவ்வளவுதான். மாவட்டத்தை விட்டுத் தாலுகாவுக்குப் போனால் உங்கள் தொடர்பின் அளவே மாறும், போட்டுப் பாருங்கள்.

மருத்துவர் ஜான் ஸ்னோவின் வரைபடம் லண்டனில் காலராவை நிறுத்திய கதையோடு வகுப்பைத் தொடங்கலாமா? (ஆசிரியர், நாகர்கோவில்)

தொடங்கலாம், கதையைத் திருத்திச் சொல்லுங்கள். 1854 செப்டம்பர் 8இல் காலராவைப் பரப்பிய பிராட் தெருத் தண்ணீர்க் குழாயின் கைப்பிடியைக் கழற்றியபோது சாவுகள் ஏற்கெனவே இறங்கிக்கொண்டிருந்தன. வரைபடம் அச்சானது அதற்கும் பிறகு. சமூக அறிவியல் மாணவர்களுக்கு எனக்குப் பிடித்த தொடக்கம் வேறு: 1890களின் இறுதியில் சமூகவியலாளர் டு பாய்ஸ் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் ஏழாவது வார்டில் வீடு வீடாகப் போய்க் கறுப்பினக் குடும்பங்களின் நிலையை வரைந்தது. நிறம் பூசுமுன் கேள்வி கேட்டவர் அவர்.

நேர்காணல் செய்த வீடுகளைப் புள்ளிகளாக இணைய வரைபடத்தில் போட்டிருக்கிறோம். பெயர் இல்லை, எண் மட்டும்தான். போதுமல்லவா? (தொண்டு நிறுவன ஆய்வாளர், கடலூர்)

உடனே எடுங்கள். ஊர் ஒரு பக்கம், காலனி ஒரு பக்கம் என்று பிரிந்து கிடக்கும் கிராமத்தில் புள்ளி விழும் இடமே சாதியைச் சொல்லிவிடும். செயற்கைக்கோள் படத்தில் கூரை தெரியும்போது பெயர் எதற்கு? நீங்கள் கேட்டதோ குடும்ப வன்முறை பற்றி. தேசியக் குடும்பநல ஆய்வு போன்ற பெரிய ஆய்வுகளே வீட்டுப் புள்ளியைத் தருவதில்லை. வீடுகளின் தொகுதிக்கு ஒரு புள்ளிதான். அதையும் நகரத்தில் 2 கிலோமீட்டர் வரை, கிராமத்தில் 5 கிலோமீட்டர் வரை, அரிதாக 10 வரை வேண்டுமென்றே நகர்த்தித்தான் வெளியிடுகிறார்கள். அனுமதிப் படிவத்தில் கையெழுத்து வாங்கினோம் என்று எழுத வேண்டாம். இணைய வரைபடத்தில் தன் வீடு தெரியும் என்று அந்தப் பெண்ணிடம் யாராவது சொன்னீர்களா?

யாழ்ப்பாண மாவட்டத்தின் 1981, 2012 கணக்கெடுப்புகளை ஒப்பிட்டு வரைகிறேன். கவனிக்க வேண்டியது எது? (பல்கலைக்கழக மாணவி, யாழ்ப்பாணம்)

கிளிநொச்சி 1984இல் பிரிந்தது. 1981இன் யாழ்ப்பாணம் அதையும் சேர்த்தது. பின்னாளில் வந்த சில அட்டவணைகளில் பிரித்துத் தந்திருக்கலாம், தலைப்பையும் அடிக்குறிப்பையும் படித்த பிறகு ஒப்பிடுங்கள். நடுவில் 2001 எண்ணைச் செருகாதீர்கள். வடக்கில் அந்தக் கணக்கெடுப்பு முழுமையாக நடக்கவில்லை. யுடிஎம் உங்களுக்கு 44 வடக்கு.

ஊர்ப் பெயர்களைத் தமிழில் கொடுத்தால் கேள்விக்குறிகளாக மாறுகின்றன. (முதுகலை மாணவர், வேலூர்)

எக்செல்லில் தமிழ் எழுத்தைக் காக்கும் யுடிஎஃப்-8 சிஎஸ்வி வடிவில் சேமியுங்கள். வரைபடத் தரவுக்குப் பல கோப்புகளாகச் சிதறும் ஷேப்ஃபைல் வடிவை விட்டுவிட்டு ஒரே கோப்பான ஜியோபேக்கேஜுக்கு மாறுங்கள்; ஷேப்ஃபைலில் நெடுவரிசைப் பெயர் பத்து எழுத்தோடு வெட்டுப்படும், தமிழ் என்றால் இன்னும் முன்பே. நண்பருக்கு ஷேப்ஃபைல்தான் அனுப்ப வேண்டும் என்றால் ஒரே பெயரிலுள்ள எல்லாக் கோப்புகளையும் சேர்த்து அனுப்புங்கள். ஒன்றை மட்டும் அனுப்பிவிட்டு 'திறக்கவில்லை' என்று எனக்கு எழுதுகிறவர்கள் இனிமேல் பதில் எதிர்பார்க்க வேண்டாம்.