மரக் கேட் தொங்குவதும் உப்புவதும்: கேள்வி பதில்

கேள்வி: 4 அடி அகலத் தேக்கு கேட். ஒரே வருஷத்தில் தாழ்ப்பாள் பக்கம் தொங்கி, திறக்கும்போது தரையில் உரசுது. கீலை மாற்றினால் போதுமா சார்?

பதில்: கீலைத் தொடுவதற்கு முன் டேப்பை எடுங்க. மூலைக்கு மூலை குறுக்காக இரண்டு பக்கமும் அளங்க. இரண்டும் சமமாக இருந்தால் சட்டத்தில் கோளாறு இல்லை. கீல் தளர்ந்திருக்கும் அல்லது தூண் சாய்ந்திருக்கும். கீழ்க்கீல் மூலையிலிருந்து மேல் தாழ்ப்பாள் மூலைக்குப் போகும் அளவு மட்டும் குறைந்திருந்தால், சட்டமே கோணிவிட்டது. பெரும்பாலும் சாய்வுச் சட்டம் இல்லாததால் வருவது, அல்லது அதைத் தலைகீழாக அடித்ததால் வருவது.

மரச் சாய்வுச் சட்டம் கீழ்க்கீல் பக்கம் ஊன்றி, மேல் தாழ்ப்பாள் பக்கத்தைத் தாங்கி நிற்கணும். எதிர்த்திசையில் வைத்தால் பாரம் முழுக்க ஸ்க்ரூவில் தொங்கும். துளை நீண்டுகொண்டே போகும். இரும்புக் கம்பியும் டர்ன்பக்கிளும் (கம்பியைத் திருகி இறுக்கும் கருவி) போடுவதாக இருந்தால் நேர்மாறு: மேல்கீலிலிருந்து கீழ்த் தாழ்ப்பாள் மூலைக்கு. கம்பி இழுக்கத்தான் செய்யும், தாங்காது.

சரிசெய்ய, தாழ்ப்பாள் பக்கத்துக்கு அடியில் ஆப்பு வைத்து, இரண்டு அளவும் சமமாகும்வரை தூக்குங்க. பிறகு சாய்வுச் சட்டத்தின் முனைகளை மேல், கீழ்ச் சட்டங்களில் வெட்டிய பள்ளத்தில் இறுக உட்கார வையுங்க. வெறுமனே மேலே ஒட்டி ஸ்க்ரூ அடித்தால் பழைய கதைதான்.

கேள்வி: அதையே 8 அடிக்கு ஒற்றைக் கதவாகச் செய்யலாமா?

பதில்: வேண்டாம். 1.2 மீட்டர் அகலம், 1.8 மீட்டர் உயரம், 40 மி.மீ. கனத்தில் தேக்கு கேட் கிட்டத்தட்ட 60 கிலோ வரும். கீல்களுக்கு இடையே 1.5 மீட்டர் இருந்தால், மேல்கீலைத் தூணிலிருந்து பிடுங்கும் விசை 24 கிலோ. அகலத்தை இரட்டித்தால் எடையும் இரட்டிக்கும், நெம்பும் தூரமும் இரட்டிக்கும். விசை 96 கிலோ ஆகிவிடும். இரட்டைக் கதவாகப் பிரிச்சிடுங்க.

கேள்வி: மழைக்காலத்தில் பலகை உப்பிக் கேட் மூடவே மாட்டேங்குது. வெயிலில் சரியாகிடுது. இழைத்துவிடலாமா?

பதில்: மழையில் இழைத்தால் கோடையில் இடைவெளி தெரியும். மரம் நீளவாக்கில் அசையாது, அகலவாக்கில்தான். ஈரம் 12 சதவீதத்திலிருந்து 16க்கு ஏறினால் 100 மி.மீ. தேக்குப் பலகை முக்கால் மி.மீ. வரை விரியும். 12 பலகையை நெருக்கி ஒட்டியிருந்தால் மொத்தம் 9 மி.மீ. அதை எந்தச் சட்டமும் தாங்காது. பலகைகளை நாக்கும் காடியுமாக (ஒன்றின் விளிம்பு நீட்டல் அடுத்ததன் பள்ளத்துக்குள் நுழையும்படி) சேர்த்து, ஒவ்வொன்றுக்கும் இடையே 2 மி.மீ. விட்டு, பசை போடாமல் சட்டக் காடிக்குள் மிதக்க விடணும். கீழ்ச்சட்டத்தின் மேல்விளிம்பையும் சரிவாக இழைக்கச் சொல்லுங்க. காடியில் தண்ணீர் தேங்கினால் அழுகல் அங்கேதான் ஆரம்பிக்கும்.

கேள்வி: ஸ்க்ரூவைச் சுற்றி மை கொட்டியது போலக் கறுப்பு.

பதில்: மரத்திலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருளும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்த கறை. ஸ்க்ரூவை 304 தர ஸ்டெயின்லெஸ்ஸுக்கு மாற்றுங்க, கடலோரமென்றால் 316. கறைக்கு ஆக்ஸாலிக் அமிலக் கரைசல். கையுறை கட்டாயம், பிறகு நிறையத் தண்ணீர்விட்டுக் கழுவணும்.

கேள்வி: வார்னிஷா, எண்ணெயா?

பதில்: வெயில் படும் கேட்டுக்கு என் ஓட்டு எண்ணெய்க்கு. வார்னிஷ் பளபளக்கும், ஆனால் உரிய ஆரம்பித்தால் முழுக்கச் சுரண்டணும். எண்ணெய் மங்கினால் உப்புத்தாள் போட்டு மறுபூச்சு, அவ்வளவுதான். பலகையின் வெட்டுமுனைகள்தான் தண்ணீரை உறிஞ்சும். கேட்டை மாட்டுவதற்கு முன்பே அடிமுனையில் மூன்று தடவை ஊறவிடுங்க. ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீங்க, தானாகத் தீப்பிடிக்கும். விரித்துக் காயவையுங்க.

கேள்வி: தேக்கில் பசை விட்டுவிடுது.

பதில்: தேக்கின் இயல்பான எண்ணெய்தான் காரணம். கழுந்தை (துளைக்குள் செருகும் சட்டமுனையை) அசிட்டோனில் துடைத்து, உலர்ந்ததும் தாமதிக்காமல் எபாக்ஸி போடுங்க. கிளாம்பை முறுக்கித் தள்ளினால் பசை முழுக்க வெளியே வந்துவிடும். கூடவே மரமுளையும் அடிங்க: கழுந்தில் உள்ள துளையை அதன் தோள்பக்கமாக (கழுந்து தொடங்கும் படிப்பக்கமாக) 1.5 மி.மீ. தள்ளிப் போட்டால், முளை இறங்கும்போதே இணைப்பை உள்ளே இழுத்துக்கொள்ளும்.