துண்டுக்குள்ளே விரல்

கேள்வி: நான் வேலை பார்க்கும் பொதுத்துறை அலுவலகத்தில் ஊழியர் பணப்பலன்களுக்கென்று (மருத்துவக் காப்பீடு, ஓய்வூதியம் போன்றவை) ஓர் ஆலோசகரை டெண்டர் விட்டு எடுக்கப் போகிறார்களாம். நல்லதா? (ஒரு வாசகர், கிருஷ்ணகிரி)

பதில்: 'பலன்' என்ற சொல்லைப் பார்த்ததும் உங்கள் கடிதத்தை ராசிபலன் பக்கத்துக்கு அனுப்பிவிட்டார் எங்கள் உதவியாசிரியர். ஜோதிடரும் அசரவில்லை. 'குரு பார்வை இருக்கிறது, தை பிறந்தால் அரியர் வரும்' என்று எழுதியே கொடுத்துவிட்டார்! அவருக்கும் எனக்கும் பல வருடத் தகராறு. அந்தப் பக்கத்தைத் தூக்கிவிட்டு மாங்காய் விலை போடலாம் என்பேன். விளம்பரப் பிரிவு சண்டைக்கு வரும். 2003 ஏப்ரல் 1 முதல் தமிழக அரசு வேலையில் சேர்ந்தவனைப் பழைய ஓய்வூதியத்தில் சேர்க்க எந்தக் கிரகமாவது வந்ததா என்று ஒருநாள் கேட்டேன். 'அது ஜாதக தோஷம் இல்லை சார், அரசாணை தோஷம்' என்றார். அதில் மட்டும் நாங்கள் ஒரு கட்சி.

சரி, ஆலோசகருக்கு வருவோம். அப்பா ஒருமுறை போச்சம்பள்ளிச் சந்தையில் மாடு பிடிக்கப் போனார். தரகர், விலை வெளியே தெரியாமலிருக்க, துண்டுக்கடியில் அவர் விரலைப் பிடித்து, "உங்களுக்காகத்தான்ணா பேசறேன்" என்றார். பேரம் முடிந்து டீக்கடைக்குப் போனால், விற்றவரிடமும் அதே தரகர் அதே வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். மாடு வீட்டுக்கு வந்து, ஏரில் பூட்டியதும் படுத்துக்கொண்டது.

உங்கள் ஆலோசகர் காப்பீட்டுக் கம்பெனியிடம் கமிஷன் வாங்கும் புரோக்கராகவும் இருந்தால் கதை இதுதான். கமிஷன் பிரீமியத்தில் இத்தனை சதவீதம் என்று போகும். பிரீமியம் ஏறினால் பலன் யாருக்கு? அமெரிக்காவில் தனியார் கம்பெனிகளின் மருத்துவத் திட்டங்களுக்கு ஆலோசனை சொல்பவர், 1,000 டாலரோ அதற்கு மேலோ கிடைக்கும் என்றால் எங்கிருந்து வருகிறது என்று முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். 2021 டிசம்பரிலிருந்து அப்படி. அரசு அமைப்புகளின் திட்டங்களுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. அங்கேயும் துண்டு இருக்கிறது பாருங்கள்.

டெண்டரில் யாராவது 'ஒரு ரூபாய்க்கே வருகிறேன்' என்று எழுதினால் குறைந்த தொகை என்று குதிக்க வேண்டாம். சாப்பாட்டுக்கு என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். கம்பெனிகளிடம் வாங்குவது எவ்வளவு என்று அந்தப் படிவத்திலேயே ஒரு கட்டம் போடச் சொல்லுங்கள். நிரப்புகிறவரை எடுக்கலாம்.

இதைப் படித்த எங்கள் ஜோதிடர், தானும் விண்ணப்பிக்கலாமா என்கிறார். கடைசித் தேதி என்றைக்கு என்று எழுதுங்கள், இங்கே ஒரு பக்கம் காலியாகும்.